பாரிமுனைப் பாரி யார்? ஹாரி மகன் கடலூருக்கு வந்த கதை

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய முனைக்குப் பாரிமுனை என்று பேர். பஸ் கண்டக்டர் "பாரீஸ், பாரீஸ்" என்று கூவுவார். கேட்கிறவர்களில் சிலர் பிரான்சு நாட்டுத் தலைநகரை நினைத்துக்கொள்வார்கள். தமிழ் படித்த சிலர், முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் பாரி பேரால் அமைந்த இடம் என்று சொல்ல நானே கேட்டிருக்கிறேன். எங்க கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்திலே பாரீஸ் என்றால் மிட்டாய், நெல்லிக்குப்பத்தில் செய்தது. விவசாயிகளுக்குப் பாரி என்றால் கரும்பு ஏற்றிப் போகிற ஆலை. குளியலறைப் பீங்கானிலோ "பாரிவேர்" என்று எழுதியிருக்கும்.

பாரீஸ் நகரத்துக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை. பறம்பு மலைக்கும் இல்லை. "பாரி" ஒரு குடும்பப் பேர். ஆங்கிலக் குடும்பப் பேர் என்று பொதுவாகச் சொல்கிறோம்; சரியாகச் சொன்னால் அது வேல்ஸ் நாட்டுப் பேர். அதன் பொருள் ரொம்ப எளிது: ஹாரியின் மகன். அவ்வளவுதான்.

ஆனால் அந்த "அவ்வளவுதான்" எப்படி வந்தது என்று பார்த்தால், இன்றைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகள் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலே "குடும்பப் பேர்" என்ற கட்டத்துக்கு முன்னால் முழிக்கிறார்களே, அந்தப் பிரச்சினை வரைக்கும் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாப் என்றால் மகன்

வேல்ஸ் மொழியில் மகனுக்கு "மாப்" என்று சொல். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மொழிகளில் உள்ள "மாக்" இதற்கு உடன்பிறப்பு. மெக்டொனால்டு என்றால் டொனால்டு மகன். ஆதி கெல்டிய மொழியிலிருந்து பிரிந்தபோது ஒரு பக்கம் ககரமும் இன்னொரு பக்கம் பகரமுமாக ஆகிவிட்டது.

வேல்ஸ் மொழியில் சொற்கள் சேரும்போது முதல் எழுத்து திரியும். மாப் என்பது இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் மகரம் உதிர்ந்துபோய் "அப்" என்று நிற்கும்; உயிரெழுத்துக்கு முன்னால் மெலிந்த பகரத்தோடு ஒலிக்கும். தாமஸ் என்பவரின் அப்பா ஹாரி என்றால் அவர் "தாமஸ் அப் ஹாரி". வேகமாகச் சொல்லிப் பாருங்க. அப்ஹாரி, அப்பாரி, பாரி. முன்னால் இருந்த அகரமும் போய்விட்டது. பகரம் மட்டும் அப்பா பேரோடு ஒட்டிக்கொண்டது.

இதே வழியில் வந்த பேர்கள் நிறைய. அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது. அப் ஹவெல், பவல். அப் ஹியூ, பியூ. அப் ரிச்சர்ட், பிரிச்சர்ட். அப் ராபர்ட், புரோபர்ட். உயிரெழுத்தில் தொடங்கும் ஓவன், எவன் ஆகியவற்றோடு சேர்ந்தவை போவன், பெவன். பகரத்தில் தொடங்குகிற வேல்ஸ்காரர் குடும்பப் பேர் ஒன்றைப் பார்த்தால், முதல் எழுத்தை எடுத்துவிட்டுப் பாருங்க. பல நேரம் உள்ளே ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார்.

நமக்கு இது புதுசு இல்லை. "மகன்" என்ற சொல் தமிழிலும் இப்படித்தான் சுருங்கி ஒட்டிக்கொண்டது. பெருமகன் பெருமான் ஆனார், கோமகன் கோமான் ஆனார். அதியமான், சேரமான், மலையமான் என்ற பேர்களிலும் கடைசியில் நிற்பது மகன்தான். அவர்கள் முன்னால் ஒட்டினார்கள், நாம் பின்னால் ஒட்டினோம். மகனை வைத்து அப்பாவைச் சொல்வதும் நம்மிடம் உண்டு. ஆதன் தந்தை என்பது "ஆந்தை" ஆகும், பூதன் தந்தை "பூந்தை" ஆகும் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. பிசிராந்தையார் பேரில் இருப்பது பறவை ஆந்தை அல்ல. பிசிர் என்ற ஊர், அதோடு ஆதனின் தந்தை.

ஹாரி யார்?

ஹாரி என்பது ஹென்றி என்ற பேரின் பேச்சு வழக்கு. ஹென்றி பழைய ஜெர்மானியப் பேர். வீடு என்று பொருள்படும் ஒரு சொல்லும் ஆள்பவன் என்று பொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்தது. வீட்டை ஆள்பவன் என்று வைத்துக்கொள்ளலாம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு கப்பல் ஏறி வந்த பேர் இது. ராஜாக்கள் வைத்துக்கொண்டதால் குடியானவர்களும் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் நடுவிலிருந்த மெல்லெழுத்து மங்க, ஆங்கிலேயர் அதை ஹாரி என்று கேட்டார்கள். நம்ம ஹரிக்கும் அந்த ஹாரிக்கும் உறவு இல்லை.

இந்த ஹாரியிலிருந்து வேறு வழியாகவும் குடும்பப் பேர்கள் வந்தன. ஆங்கிலேயர் மகன் என்ற சொல்லைப் பின்னால் சேர்த்தார்கள்: ஹாரிசன். இன்னும் சுருக்கி, "உடைய" என்பதற்கான ஸகரத்தை மட்டும் சேர்த்தார்கள்: ஹாரிஸ். ஆக பாரி, ஹாரிஸ், ஹாரிசன் மூன்றும் ஒரே பொருள்தான். மலை மேல் ஒரு எல்லைக்கோடு, அந்தப் பக்கம் ஒரு இலக்கணம், இந்தப் பக்கம் ஒரு இலக்கணம்.

சங்கிலி எப்படி அறுந்தது

பழைய வேல்ஸ் நாட்டில் யாருக்கும் நிலையான குடும்பப் பேர் கிடையாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பேர் மாறும். தாமஸின் மகன் எட்வர்டு என்றால் அவன் எட்வர்டு அப் தாமஸ். அவன் மகன் ஹியூ, ஹியூ அப் எட்வர்டு. கௌரவமான குடும்பம் என்றால் அப், அப் என்று ஏழெட்டுத் தலைமுறை சொல்வார்கள். இது வெறும் பெருமைக்காக இல்லை. நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நிரூபிக்க வம்சாவளி தெரிய வேண்டும். பேரே பத்திரமாக இருந்தது.

1536-லும் 1543-லும் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. நீதிமன்றத்தில் ஆங்கிலமே மொழி என்றாயிற்று. ரோலண்ட் லீ என்ற பிஷப் அங்கே நிர்வாகத் தலைவராக இருந்தார். ஜூரிகள் பட்டியலை வாசிக்கும்போது அப், அப் என்று ஒவ்வொரு பேரும் நீண்டுகொண்டே போக, சலித்துப்போய், "கடைசிப் பேரையோ ஊர்ப் பேரையோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் உத்தரவு போட்டதாக ஒரு கதை அங்கே வழங்குகிறது. மோஸ்டின் என்ற பிரபுக் குடும்பத்துக்கு அப்படித்தான் அவர்கள் ஊர்ப் பேரே குடும்பப் பேராக நின்றதாம்.

கதை எப்படியோ, நடந்தது அதுதான். முதலில் பெரிய குடும்பங்கள், அப்புறம் வியாபாரிகள், கடைசியில் மலைக் கிராமத்துச் சம்சாரிகள் என்று இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் எல்லோருக்கும் பேர் உறைந்துபோயிற்று. எந்தத் தலைமுறையில் குமாஸ்தா எழுதினாரோ, அந்தத் தலைமுறை அப்பா பேர் என்றென்றைக்கும் குடும்பத்துக்குப் பேர். அவருக்கு முந்தைய அப்பாக்கள் பேரிலிருந்து போய்விட்டார்கள். பிந்தையவர்கள் பேருக்குள் வரவே முடியாமல் போயிற்று.

பெண்கள் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. வேல்ஸ் மொழியில் மகளுக்கு "ஃபெர்க்" என்று தனிச் சொல். ஹாரி மகள் மேரி என்றால் மேரி ஃபெர்க் ஹாரி. கல்யாணத்துக்குப் பிறகும் அதே பேர்தான். பேர் உறைந்த பிறகு, ஹாரி பேத்தியும் "பாரி", அதாவது ஹாரியின் மகன்! கல்யாணமானால் புருஷன் வீட்டுப் பேர். மகள் என்ற அந்தச் சொல் குடும்பப் பேர்களில் தடமே இல்லாமல் மறைந்தது.

இன்னொரு விளைவும் உண்டு. அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த அப்பா பேர்கள் சிலவே. அதனால் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பேர்களுக்குள் பெரும்பாலான ஜனங்கள் அடங்கிவிட்டார்கள். ஒரே ஊரில் இருபது ஜோன்ஸ். அடையாளம் தெரியவேண்டுமே! பால் ஊற்றுகிற ஜோன்ஸ், ரொட்டி சுடுகிற ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்ம தெருவில் பால்கார முருகன், டீக்கடை முருகன் என்கிறோமே, அதே கணக்கு.

தாமஸ் பாரி நம்ம பக்கம் வந்தது

வேல்ஸில் வெல்ஷ்பூல் என்ற ஊருக்குப் பக்கம் லெய்ட்டன் ஹால் என்ற பண்ணை வீட்டைச் சேர்ந்த எட்வர்டு பாரியின் மகன் தாமஸ் பாரி. பிறந்தது 1768. பழைய முறை இருந்திருந்தால் இவர் பேர் தாமஸ் அப் எட்வர்டு. ஆனால் அதற்கு வெகு முன்பே எந்தத் தலைமுறையிலோ ஒரு ஹாரியோடு சங்கிலி நின்றுவிட்டது.

1788-இல், இருபது வயதில், சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். கம்பெனி உத்தியோகஸ்தராக இல்லை, தனி வியாபாரி. துணி, வட்டிக் கடை, பின்னால் சாந்தோம் பக்கம் தோல் பதனிடுதல், அவுரி என்று பல தொழில். 1803-இல் அந்த முனையில் இருந்த கட்டடத்தை வாங்கினார். அன்றைக்குக் கடல் அந்த வாசலுக்கு ரொம்பப் பக்கம். ஊர் ஜனங்கள் அந்த முனையைப் பாரிமுனை என்றார்கள். 1819-இல் ஜான் வில்லியம் டேர் என்பவர் அந்த வியாபாரத்தில் சேர்ந்தார். இப்போது அந்த இடத்தில் இருக்கிற டேர் ஹவுஸ் கட்டடம் 1940-இல் திறந்தது. அது இவர் பேர். அதில் உள்ள டேருக்கும் துணிச்சல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் முடிச்சுப் போடவேண்டாம். அதுவும் ஒரு குடும்பப் பேர்தான்.

அவுரி வியாபாரம் தாமஸ் பாரியை நம்ம பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். அங்கே 1824-இல் காலரா கண்டு இறந்துபோனார். அடக்கம் செய்தது கடலூரில், கிறிஸ்து ஆலயத்தில். சென்னையில் அவர் பேர் ஒரு முனைக்கு நின்றது. உடம்பு நம்ம மாவட்டத்து மண்ணில் இருக்கிறது.

பேர் அதோடு நிற்கவில்லை. 1842-இல் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி சர்க்கரைத் தொழிலில் இறங்கியது. 1897-இல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் உருவானது, ஈ.ஐ.டி. பாரி என்பதில் உள்ள மூன்றெழுத்து அங்கிருந்து வந்ததுதான். மிட்டாய்ப் பிரிவு 2004-இல் கொரியாவின் லாட்டே கம்பெனிக்குப் போயிற்று. பாரிவேர் பீங்கான் ஸ்பெயின் நாட்டு ரோக்கா கம்பெனிக்குப் போயிற்று. தாய்க் கம்பெனி 1981-இல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. கவனிங்க: ஹாரி என்ற ஏதோ ஒரு வேல்ஸ் குடியானவரின் பேர் இன்றைக்குக் கொரியர், ஸ்பெயின்காரர், செட்டிநாட்டார் மூவர் கையிலும் புழங்கியிருக்கிறது. அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நம்ம மாவட்டத்திலேயே எல்லா வகையும்

ஐரோப்பியக் குடும்பப் பேர்களைப் பொதுவாக அப்பா பேர், ஊர்ப் பேர், நிலத்தின் தன்மை, தொழில், பட்டப்பேர் என்று வகைப்படுத்துவார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வந்துபோன வெள்ளைக்காரர்களை வைத்தே இந்த ஐந்தையும் சொல்லிவிடலாம்.

அப்பா பேருக்குப் பாரி. பார்த்துவிட்டோம்.

ஊர்ப் பேருக்கு யேல். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்காக வாங்கியவர் சென்னைக் கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதற்கு உட்பட்ட ஊர்களும் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பேர்களில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. யேல் குடும்பமும் வேல்ஸ் வம்சம். அப், அப் என்று போன சங்கிலியை விட்டுவிட்டு, யால் என்ற தங்கள் பகுதியின் பேரையே வைத்துக்கொண்டார்கள். வளமான மேட்டுநிலம் என்று பொருள். 1718-இல் அவர் அனுப்பிய சரக்கையும் புத்தகங்களையும் பெற்ற அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பேரை வைத்துக்கொண்டது. அதுதான் யேல் பல்கலைக்கழகம். தேவனாம்பட்டினக் கோட்டையில் பின்னால் அதிகாரியாக இருந்த ராபர்ட் கிளைவின் பேரும் ஊர்ப் பேர்தான். சரிவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது.

நிலத்தின் தன்மைக்கு ஹீத். பரங்கிப்பேட்டையில் 1830-இல் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்து இரும்புத்தாதைக் கொண்டுவந்து கரியில் உருக்கினார்கள். ஹீத் என்றால் புதர் மண்டிய பொட்டல் வெளி. அந்த வெளி ஓரத்தில் குடியிருந்தவன் ஹீத்.

தொழிலுக்குக் கேப்பர். கடலூர் கேப்பர் மலை, கேப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பேரால் வந்தது. கேப்பர் என்றால் குல்லாய் தைக்கிறவர்.

பட்டப்பேருக்குக் கூட். 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலை அரணாக்கி இருந்த ஹைதர் அலி படையைத் தாக்கி, முடியாமல் திரும்பி, ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் போரில் ஜெயித்த தளபதி அயர் கூட். கூட் என்பது ஒரு நீர்ப்பறவை. நம்ம ஏரிகளிலும் வரும். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, அதனால் தமிழில் நாமக்கோழி. மொட்டைத் தலைக்காரரையோ மந்தமானவரையோ அந்தப் பறவை பேரால் கேலி செய்ய, அது குடும்பப் பேராகிவிட்டது என்று பேராய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பேர் வைப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஃபிராங்க் என்ற இனப்பேர் அரபி, பாரசீகம் வழியாக வந்து தமிழில் பரங்கி ஆனது. அவர்கள் குடியேறிய பேட்டை பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர் அதைப் புதுத் துறைமுகம் என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள். முகமதியர் ஆட்சியில் மஹ்மூது பந்தர். ஒரே ஊர், கூப்பிட்டவரைப் பொறுத்துப் பேர். வேல்ஸ் என்ற பேரும் அப்படித்தான். அந்நியன் என்ற பொருளில் ஆங்கிலேயர் வைத்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பேர் கம்ரி.

இரண்டு பாரிகள் சந்தித்த இடம்

வள்ளல் பாரிக்கும் பாரி குடும்பத்துக்கும் உறவில்லை என்றேன். இருந்தாலும் ஓர் இடத்தில் இரண்டும் சந்தித்தன. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், ஹோமரின் காவியங்கள் எழுதிவைத்த பாட்டு அல்ல, வாய்மொழிப் பாணர்கள் தயாராக வைத்திருந்த தொடர்களைக் கோத்துப் பாடியவை என்று நிறுவியவர். அந்த முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. அவருடைய ஆங்கில நூல் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. வேள் பாரியைப் பாடிய மரபை இன்னொரு பாரியின் கோட்பாட்டால் அளந்தார்கள்! பேர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நம்ம சங்கிலி இப்போ அறுகிறது

இனி நம்ம கதை. "மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்" என்று சங்கப் புலவர் பேர். ஊர், அப்பா, தன் பேர். இன்றைய வழக்கில் எழுதினால் ம.க. நக்கீரன். முன்னெழுத்து முறை ஆங்கிலேயர் கொடுத்த வடிவம்தான். உள்ளே இருக்கிற அமைப்பு நம்முடையது.

நீளமான சங்கிலியும் நம்மிடம் இருந்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சிதம்பரத்தில் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முன்னெழுத்து எஸ்.ஆர்.எம்.எம். சாத்தப்ப, ராமநாத, முத்தைய அண்ணாமலை. வேல்ஸ் முறைப்படி சொன்னால் அண்ணாமலை அப் முத்தையா அப் ராமநாதன் அப் சாத்தப்பன். நகரத்தார் வியாபாரக் கணக்கில் இந்த எழுத்துகள்தான் விலாசம். பாரி கம்பெனியை வாங்கிய முருகப்பா குடும்பத்துக்கும் ஏ.எம்.எம். என்ற எழுத்துகளே அடையாளம்.

அதே 1929-இல், செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிற மாநிலத்தவர் பலருக்குக் குடும்பப் பேராக நிற்பது சாதிப் பேர். நாம் அதை உதறினோம். பெரிய காரியம். அதனால் தமிழனுக்கு மிஞ்சியது தன் பேரும் அப்பாவின் முதல் எழுத்தும். ஊருக்குள் இருக்கும்வரை இது போதும்.

விமானம் ஏறினால்தான் சிக்கல். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பேர்க்காரரின் பேரைக் குடும்பப் பேர்க் கட்டத்தில் போட்டு, முதல் பேர் இருக்கவேண்டிய இடத்தில் "முதல் பேர் தெரியவில்லை" என்பதற்கான எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தை அச்சடித்துவிடுவார்கள். அங்கே போய் அந்த மூன்றெழுத்தே பேராகித் திண்டாடியவர்கள் உண்டு. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பரங்கிப்பேட்டை, புவனகிரி, கடலூர் என்று வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு நம்ம பக்கம் குறைவு. எத்தனை வீட்டில் வயிற்றைக் கலக்கியிருக்கும்!

அதனால் நாம் என்ன செய்கிறோம்? குடும்பப் பேர்க் கட்டத்தில் அப்பா பேரை எழுதிவிடுகிறோம். ராமலிங்கம் மகன் செந்தில், செந்தில் ராமலிங்கம் ஆகிறார். அங்கே ஆபீசில் எல்லோரும் அவரை "மிஸ்டர் ராமலிங்கம்" என்கிறார்கள். அங்கே பிறக்கிற பிள்ளைக்கும் குடும்பப் பேர் ராமலிங்கம். செந்தில் என்ற அப்பா பேர் பிள்ளையின் பேரில் எங்கேயும் இல்லை! தாத்தா உறைந்துவிட்டார், அப்பா விழுந்துவிட்டார். ஹாரிக்கு நடந்தது இதுவேதான். அங்கே நீதிமன்றக் குமாஸ்தா செய்ததை இங்கே ஒரு விண்ணப்பக் கட்டம் செய்கிறது. அவர்களுக்கு முந்நூறு வருஷம் ஆனது, நமக்கு ஒரு தலைமுறை.

தெரிந்த பேர்களிலேயே பாருங்க. அமெரிக்கா போன சியாமளா கோபாலனின் கோபாலன், அவர் அப்பா பி.வி. கோபாலன். அவர் மகள் கமலாவுக்கு வந்தது ஜமைக்காக்கார அப்பாவின் ஹாரிஸ். அதாவது நம்ம பாரிதான், வேறு சட்டையில். கூகுள் சுந்தர் பிச்சையின் பிச்சையும் அப்பா பேர். உள்ளூரிலும் நடக்கிறது. பழனியப்பன் மகன் ப. சிதம்பரம், அவர் மகன் கார்த்தி சிதம்பரம். எங்க ஊர்ப் பேர் முதலில் ஓர் ஆளின் பேராகி, இப்போது பத்திரிகைகளில் குடும்பப் பேர் போலவே நிற்கிறது.

இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு கட்டம் நிரப்பித்தான் ஆகவேண்டும். சாதிப் பேரைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்வதைவிட அப்பா பேர் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் யோசிக்காமல், ஏஜெண்ட் எழுதினதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரக்கூடாது என்பதுதான் என் கட்சி. அன்றைக்கு எழுதுகிற ஒரு பேர், பேரன் பேத்திகள் வரைக்கும் நிற்கப்போகிற பேர்.

வேல்ஸ்காரர் அனுபவத்திலிருந்து மூன்று விஷயம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, உடன்பிறந்தவர்கள் ஒரே மாதிரி எழுதுங்க. அண்ணனுக்கு அப்பா பேர், தம்பிக்கு ஊர்ப் பேர், தங்கைக்கு வெற்றிடம் என்று இருந்தால் இரண்டு தலைமுறையில் சொந்தம் என்று காட்டவே காகிதம் இருக்காது.

இரண்டு, பெண்களைப் பேரிலிருந்து விட்டுவிடாதீங்க. தமிழ்நாட்டில் அம்மா பேரையும் முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எழுத்தை மாற்றவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வேல்ஸில் "ஃபெர்க்" போனது சட்டம் போட்டு அல்ல, யாரும் கவலைப்படாததால்.

மூன்று, முன்னெழுத்துகளை விரித்து எழுதி வையுங்க. 2021-இல் தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத உத்தரவிட்டது, நல்லது. ஆனால் "கா" என்றால் காசிநாதனா, காத்தவராயனா என்று பேரனுக்குத் தெரியவேண்டுமே? ஒரு நோட்டில் அப்பா, அவர் அப்பா, அம்மா, அவர் அம்மா, அவரவர் ஊர் என்று ஐந்து தலைமுறை முடிந்த அளவு முழுப் பேராக எழுதுங்க. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் ஒரு மாலை வேலை. பேரில் இல்லாமல் போகிறவர்கள் அந்த நோட்டிலாவது இருப்பார்கள்.